தமிழில் கேள்வி, ஆங்கிலத்தில் பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வீட்டில் தமிழும் வெளியில் வேறொரு மொழியுமாக வளரும் சிறு பிள்ளைகளைப் பற்றியவை. ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. பாலர் பள்ளியில் கே1 படிக்கிறாள். நாங்கள் தமிழில் பேசினால் எல்லாம் புரிந்துகொள்கிறாள், ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வருகிறது. "தமிழில் சொல்" என்று வற்புறுத்தினால் வாயை மூடிக்கொள்கிறாள். பொருள்களைக் காட்டி "இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று தினமும் கேட்டுப் பழக்குகிறேன், அதற்கு மட்டும் சரியாகப் பதில் சொல்கிறாள். இன்னும் இரண்டு ஆண்டுகளில் தொடக்கப்பள்ளிக்குப் போக வேண்டும். பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

பதில்: உங்கள் பயத்துக்குப் பதில் சொல்வதற்கு முன், மகளின் இடத்தில் நின்று இதைச் சற்றுப் பார்ப்போம். பாலர் பள்ளியில் ஆங்கிலம், மின்தூக்கியில் ஆங்கிலம், விளையாட்டு இடத்தில் ஆங்கிலம், போதாக்குறைக்கு அம்மாவுக்கும் ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்னும்போது, சிரமப்பட்டு இன்னொரு மொழியில் பதில் சொல்ல ஓர் ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன அவசியம் இருக்கிறது? 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களுள் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம் என்றும், 2.5 விழுக்காட்டினர் மட்டுமே தமிழ் என்றும் தெரிவித்திருக்கின்றனர். தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாகவும் பள்ளிப் பாடமாகவும் இருக்கும் நாட்டிலேயே இதுதான் நிலை. உங்கள் மகள் தன்னைச் சுற்றி நடப்பதைச் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறாள். அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். நீங்களும் உங்கள் கணவரும் வீட்டுக்கடனைப் பற்றியோ, அலுவலகத்து மேலதிகாரியைப் பற்றியோ, விடுமுறைக்கு எங்கே போவது என்பதைப் பற்றியோ எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள்? இந்தப் பகுதிக்கு எழுதும் பெற்றோர் பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். சற்றுத் தயங்கிவிட்டு "ஆங்கிலத்தில்தான்" என்கிறார்கள். அத்தகைய வீடுகளில் பிள்ளையின் காதில் விழும் தமிழ் பெரும்பாலும் ஏவல் வினைகளாகச் சுருங்கிப்போகிறது: எழுந்திரு, பல் தேய், சீக்கிரம் சாப்பிடு, அதைத் தொடாதே, தூங்கு. ஏவலுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, செய்தால் போதும். நாள் முழுதும் ஏவல் தமிழையே கேட்டு வளரும் பிள்ளைக்குக் கீழ்ப்படிவதற்கு வேண்டிய தமிழ் மட்டும் வந்துவிடுகிறது. அதைத்தான் நாம் "எல்லாம் புரிகிறது, பேசத்தான் மாட்டேன் என்கிறாள்" என்று சொல்லி வியந்துகொண்டிருக்கிறோம்.

ஏவலை விட்டால் அடுத்தது தேர்வு. "இதுக்குத் தமிழ்ல என்ன?" என்பது கேட்பவருக்கு ஏற்கெனவே விடை தெரிந்த கேள்வி. நானும் இந்தத் தவற்றைச் செய்தவன்தான். என் மகன் சிறுவனாக இருந்தபோது, விலங்குத் தோட்டத்தில் யானையைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏன், உங்களுக்குத் தெரியாதாப்பா?" என்றான். அன்றோடு விட்டேன். பொருளின் பெயர்களைச் சேர்த்துவைப்பதால் மொழி வந்துவிடாது. குறிப்பாகத் தமிழ் தன் செல்வத்தையெல்லாம் வினையின் வாலில் வைத்திருக்கும் மொழி. "தாத்தா வந்துட்டார்", "வந்திருப்பார்", "வரட்டும்", "வரமாட்டாராம்" ஆகிய நான்கையும் எந்தப் படத்தைக் காட்டிக் கற்றுக்கொடுப்பீர்கள்? "வரமாட்டாராம்" என்பதன் இறுதியில் உள்ள அந்த "ஆம்", இதை நான் பிறர் சொல்லக் கேட்டேன், என் கண்ணால் கண்டதன்று என்கிற முழுச் செய்தியையும் சுமந்து வருகிறது. அதைப் பிள்ளை பிடித்துக்கொள்வது, பெரியவர்கள் இருவர் தாத்தாவைப் பற்றி உண்மையாகவே பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருந்து கேட்பதால்தான்.

எனவே மகளிடம் கேளுங்கள், ஆனால் விடை அவளுக்கு மட்டுமே தெரிந்ததைக் கேளுங்கள். "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன பண்ணே?" என்பது அந்த வகைதான் என்றாலும் உதவாது, அதற்கு உலகெங்கும் பிள்ளைகள் சொல்லும் பதில் "ஒண்ணுமில்லை" என்பதே. முதலில் உங்கள் நாளிலிருந்து ஒன்றைக் கொடுங்கள். "இன்னிக்கு ரயில்ல ஒருத்தர் நின்னுக்கிட்டே தூங்கிட்டார். அவர் எறங்க வேண்டிய எடம் வந்தா என்ன ஆகும்?" என்று தொடங்கினால், அவள் "ஹி வில் மிஸ் இட்!" என்று கத்தக்கூடும். அந்த இடத்தில் "தமிழில் சொல்" என்று குறுக்கே விழாதீர்கள். "ஆமா, விட்டுடுவார். விட்டுட்டா அப்புறம் எப்படித் திரும்பி வருவார்?" என்று, அவள் சொன்னதையே தமிழில் ஏற்றுக்கொண்டு, அடுத்த அடியையும் எடுத்து வையுங்கள். அவளுக்கு வேண்டிய "விட்டுடுவார்" என்ற சொல், அவளுக்கு வேண்டிய நொடியில் காதில் விழுந்திருக்கிறது. பிறகு காத்திருங்கள். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெற்றோருக்கு இதுதான் மிகக் கடினம். பிள்ளை சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும் அந்த இடைவெளியை நாமே ஆங்கிலத்தால் அடைத்துவிடுகிறோம். அமெரிக்காவில் 4 முதல் 6 வயது வரையுள்ள 36 பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பிள்ளை எத்தனை சொற்களைக் கேட்டது என்பதைவிட, பெரியவரும் பிள்ளையும் எத்தனை முறை மாறி மாறிப் பேசினார்கள் என்பதே மூளையின் மொழிப் பகுதி செயல்படும் விதத்தோடு நெருங்கிய தொடர்புடையதாக இருந்தது என்று காட்டியது. நீங்கள் ஒரு மணி நேரம் தமிழில் பேசித் தள்ளுவதைவிட, அவளுடன் ஏழெட்டு முறை பேச்சுப் பந்து போய்த் திரும்பினால் பயன் மிகுதி.

இதற்குச் சமையலறையைப் போல் வசதியான இடம் வேறில்லை. வறுப்பது வேறு, பொரிப்பது வேறு, வதக்குவது வேறு, தாளிப்பது வேறு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் கடந்துவிடக்கூடிய இவற்றை எண்ணெயின் அளவையும் சத்தத்தையும் வாசனையையும் வைத்துப் பிள்ளை பிரித்தறிந்துவிடும். பூண்டை உரிக்கவும், முருங்கைக்கீரையை உருவவும், தேங்காய் துருவுவதை எட்ட நின்று பார்க்கவும் ஐந்து வயது போதும். "கடுகு ஏன் வெடிக்குது?" என்று அவள் கேட்டால், அது "வை இஸ் இட் பாப்பிங்?" என்று ஆங்கிலத்தில் வந்தாலுங்கூட, அன்றைய பாடம் நடந்துவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை தேக்கா சந்தைக்குக் கூட்டிப்போய், வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கும் வேலையை அவளிடம் விடுங்கள்; கடைக்காரரிடம் விலை கேட்பதும் அவள் பொறுப்பாகட்டும்.

கடைசியாக, தமிழ் மட்டுமே செல்லுபடியாகும் ஓர் உறவு அவளுக்கு வேண்டும். ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கும் பாட்டியாக இருக்கலாம், அடுத்த புளோக்கில் இருக்கும் தமிழ் பேசும் தோழியாக இருக்கலாம். உங்களுக்கு ஆங்கிலம் புரியாததுபோல் நடிக்க மட்டும் முயலாதீர்கள். பிள்ளைகள் அதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு தமிழே ஒரு பாசாங்கு விளையாட்டாகிவிடும். இரண்டு ஆண்டுகள் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கு மிக நீண்ட காலம். நீங்களும் கணவரும் உங்களுக்குள் பேசிக்கொள்வதை இன்றிரவே மாற்றிக்கொள்ள முடியுமானால், வேறெந்தப் பயிற்சிக்கும் முன்னால் அதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: நான் தமிழன், என் மனைவி தெலுங்கர். எங்களுக்குள் ஆங்கிலம். தெருவிலும் பணிப்பெண்ணிடமும் கன்னடம். ஒன்றரை வயது மகனுக்கு எதைப் பேசுவது? அவரவர் தத்தம் மொழியில் மட்டும் பேசினால் போதும் என்கிறார்கள். சரிதானா?
— ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: "ஒருவர், ஒரு மொழி" என்னும் அந்த விதிக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. ஜெர்மன் பேசும் மனைவியை மணந்த பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ஷா, தம் மகனிடம் அவரவர் மொழியிலேயே பேசி, அவன் இரு மொழிகளையும் கற்றதை 1913இல் எழுதிவைத்தார். நல்ல வழிதான். ஆனால் விதியைப் பிடித்துக்கொண்டு அளவை மறந்துவிடுகிறோம். பெல்ஜியத்தின் டச்சு மொழிப் பகுதியில் ஏறத்தாழ 1,900 குடும்பங்களை ஆராய்ந்து அனிக் டி ஹவர் 2007இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பெற்றோரில் ஒருவர் சிறுபான்மை மொழியையும் மற்றவர் டச்சையும் பேசிய குடும்பங்களுள் நான்கில் மூன்று பங்கில்தான் பிள்ளைகள் அச்சிறுபான்மை மொழியைப் பேசினார்கள். இருவருமே வீட்டில் அதை மட்டும் பேசிய குடும்பங்களிலோ கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் பேசினார்கள்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். நீங்கள் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர் என்றால், மகனுடைய நாளில் தமிழுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். விதியைக் கடைப்பிடித்தும் மொழி தங்காது. குளிக்கவைப்பது, இரவு உணவு, தூங்கவைப்பது என்று அன்றாட வேலைகளில் ஒன்றிரண்டை முழுவதுமாக நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மனைவி அருகில் இருக்கும்போதும் மகனிடம் தமிழிலேயே பேசுங்கள். அவர் உங்கள் தமிழைப் புரிந்துகொள்ளத் தொடங்குவார், நீங்களும் அவர் தெலுங்கைப் புரிந்துகொள்வீர்கள். அதன்பின், பிள்ளையின் முன்னால் உங்கள் இருவருக்குள்ளும் ஆங்கிலத்தின் தேவை தானாகவே குறையும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே மொழிக் குடும்பம் என்பது உங்களுக்கு வாய்த்த நல்லூழ். பால் தெலுங்கில் பாலு, அத்தை அங்கே அத்த, மாமா இரண்டிலும் மாமா. ஆறு என்ற எண் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஆறுதான். கொஞ்சம் வளர்ந்ததும் இந்த ஒற்றுமைகளைப் பிள்ளையே கண்டுபிடித்துச் சிரிக்கும் நாள் வரும். கன்னடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அதைத் தெரு பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: மகனுக்கு இரண்டரை வயது. பத்துச் சொல்தான் சொல்லுகிறான். வீட்டில் தமிழ் கதைப்பதால்தான் இந்தத் தாமதம், இனி ஆங்கிலம் மட்டும் கதையுங்கள் என்று பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் சொன்னார்கள். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. என்ன செய்வது?
— ஒரு வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: இரண்டு செய்திகளை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். இரு மொழிகளைக் கேட்பது பேச்சுத் தாமதத்துக்குக் காரணம் ஆகாது. உண்மையான மொழிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுங்கூட, தம் திறனுக்கு ஏற்ற அளவில் இரு மொழிகளையும் கற்கிறார்கள். ஆகவே தமிழை நிறுத்துவதால் தாமதம் தீராது. அம்மம்மாவோடு பேசும் வழி அடைபடுவதும், உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் நீங்கள் மகனோடு குறைவாகக் கதைப்பதுமே மிச்சம்.

அதே நேரத்தில், தமிழ் காரணமல்ல என்பதால் காரணமே இல்லை என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு வயதளவில் ஏறத்தாழ ஐம்பது சொற்களும், "அம்மா வா", "பால் வேணும்" போன்ற இரட்டைச் சொல் தொடர்களும் எதிர்பார்க்கப்படுகின்றன. இதை எண்ணும்போது தமிழ்ச் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். பத்து என்று நீங்கள் எழுதியது இரண்டும் சேர்ந்த கணக்கென்றால், இனிக் காத்திருக்கலாகாது. முதலில் செவித்திறன் பரிசோதனை, அடுத்துப் பேச்சு-மொழிச் சிகிச்சையாளர். ஒன்ராறியோவில் பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளுக்கான பேச்சு-மொழிச் சேவைக்குப் பெற்றோரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். போகும்போது, மகன் சொல்லும் சொற்களை இரு மொழிகளிலும் பட்டியலிட்டு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் பேசப்படுவது தமிழ் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். முன்பு சொன்ன சொற்களை இப்போது அவன் சொல்லாமல் விட்டிருந்தாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் இருந்தாலோ, அதை முதல் சந்திப்பிலேயே தெரிவிக்க வேண்டும். அம்மம்மா கதைப்பதைக் கதைத்துக்கொண்டே இருக்கட்டும்.

கேள்வி: என் பேத்திக்கு நான்கு வயது, நியூ ஜெர்சியில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் வீடியோ காலில் "சாப்ட்டியா கண்ணு? ஸ்கூலுக்குப் போனியா?" என்று கேட்பேன். "யெஸ் தாத்தா" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். திரை வழியாகத் தமிழ் வருமா?
— ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: வரும், ஐயா, ஆனால் அந்த இரண்டு கேள்விகளால் வராது. இரண்டுக்கும் தலையாட்டினாலே போதுமே!

2003இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பட்ரிசியா குல் குழுவினர், ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுவோரைப் பன்னிரண்டு அமர்வுகள் விளையாடவைத்தார்கள். நேரில் பேசக் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டன. அதே பேச்சை ஒளிப்பதிவாகப் பார்த்த குழந்தைகள் பிடிக்கவில்லை. தமிழ்ப் பாட்டுக் காணொளிகளைப் போட்டுவிட்டு ஓய்ந்திருக்கும் பெற்றோருக்கு இதை அடிக்கடி நினைவூட்டுகிறேன். வீடியோ கால் அப்படிப்பட்டதன்று. பேத்தி சொன்னதற்கு நீங்கள் உடனே பதில் சொல்கிறீர்கள், அவள் சிரித்தால் நீங்களும் சிரிக்கிறீர்கள். பிற்காலத்து ஆய்வுகளில், இவ்வாறு மறுமொழி கிடைக்கும் நேரலைப் பேச்சிலிருந்து இரண்டு வயதுப் பிள்ளைகளே புதிய சொற்களைக் கற்றிருக்கிறார்கள்.

ஞாயிறு மட்டும் என்பதை மாற்றி, வாரத்தில் நான்கு நாள் பத்துப் பத்து நிமிடமாக்கிக்கொள்ளுங்கள். அங்கே காலை 7.30 என்றால் நமக்குக் கோடையில் மாலை 5 மணி, குளிர்காலத்தில் 6 மணி. அவள் காலை உணவுக்கு உட்காரும்போது நீங்கள் மாலைக் காப்பியோடு உட்காரலாம். விசாரிக்காதீர்கள், எதையாவது காட்டுங்கள். கொல்லையில் அணில் கொய்யாவைக் கடித்துப் போட்டிருந்தால் அதைக் கையில் எடுத்துவந்து, "இதை யார் கடிச்சிருப்பா, சொல்லு?" என்று கேளுங்கள். ஒரு கதையைத் தொடங்கி, நரி கிணற்றுக்குள் எட்டிப்பார்க்கும் இடத்தில் நிறுத்தி, மிச்சம் நாளைக்கு என்று சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு தேடுவதுபோல் தேடுங்கள், நான்கு வயதுப் பிள்ளைக்குத் தாத்தாவைத் திருத்துவதில் கிடைக்கும் மகிழ்ச்சிக்கு அளவில்லை, அந்த அவசரத்தில் "தலைல இருக்கு தாத்தா!" என்று தமிழ் தானாக வெளியே விழும்.

கேள்வி: வீட்டில் பிள்ளையிடம் பேச்சுத்தமிழில் பேசுவதா, நல்ல தமிழில் பேசுவதா?
— ஒரு வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: பேச்சுத்தமிழும் நல்ல தமிழ்தான். "நீ உணவு உண்டாயா?" என்று கேட்கும் தாயிடம் எந்தப் பிள்ளை மனம்விட்டுப் பேசும்? சிங்கப்பூரில் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்தபோது, வகுப்பறையிலேயே பேச்சுத்தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். வீட்டில் தயங்க என்ன இருக்கிறது? கதைப் புத்தகத்தை எழுத்து நடையிலேயே வாசித்துக் காட்டுங்கள், அதைப் பற்றிப் பேசுவதைப் பேச்சு நடையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாட்டில் இருக்கிறீர்கள். பிள்ளையை அங்கே அனுப்பினால் எழுத்து நடையைக் கற்றுக்கொள்ளும்.

கேள்வி: ஆறு வயது மகன் "தோசைய ஃபிளிப் பண்ணும்மா" என்கிறான். இந்தக் கலப்பை எப்படி நிறுத்துவது?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அந்தத் தொடரைப் பிரித்துப் பாருங்கள். தோசைக்கு இரண்டாம் வேற்றுமை உருபு இருக்கிறது, வினை இறுதியில் நிற்கிறது, ஏவல் முடிவு சரியாக இருக்கிறது, அம்மாவை விளிக்கும் மரியாதையும் இருக்கிறது. ஒரு சொல்லைத் தவிர அவ்வளவும் தமிழ் இலக்கணம். ஆங்கில வினையோடு "பண்ணு" சேர்க்கும் வழக்கத்தையும் அவன் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. "கால் பண்ணு", "வெயிட் பண்ணு" என்று நாம்தாம் காலையிலிருந்து இரவு வரை சொல்லிக்கொண்டிருக்கிறோம். கண்டிக்க வேண்டாம். "திருப்பிப் போடணுமா? ஓரமெல்லாம் செவந்துடுச்சா பாரு" என்று கேட்டு, அவன் பார்த்துச் சொன்ன பிறகு போடுங்கள்.